ஒப்பீட்டுக் குழு குடிக்காத தேநீர்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனவில் வந்தது, பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் சொன்னது என்றெல்லாம் அளந்துவிட எனக்கு விருப்பமில்லை. அறுபத்தாறு கேள்விகள் கொண்ட படிவம். மூளையைப் படமெடுத்து ஆராய்கிறவர்கள் தங்கள் ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்பதை எல்லோரும் ஒரே ஒழுங்கில், ஒன்றையும் விடாமல் எழுதவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. ஆளுக்கொரு விதமாக எழுதினால் ஒருவர் கண்டதை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாதாம். அதை நிரப்பித் தரும்படி டொக்டர் சுபாங்கன் என்னிடம் கேட்டார்.

நான் டொக்டர் இல்லை. மொழிபெயர்ப்பாளன், இடைக்கிடை கதை எழுதுகிறவன். மருதனார்மடம் சந்தியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு. "நாங்கள் எழுதினால் எங்களுக்கு மட்டும்தான் விளங்கும், அண்ணை. நீங்கள் ஒண்டும் தெரியாத ஆளா நிண்டு கேள்வி கேளுங்கோ" என்றார் சுபாங்கன். ஒன்றும் தெரியாது என்ற தகுதிக்காக எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

கூடவே இன்னொரு வேலையும் இருந்தது. ஆய்வுக்கு வந்தவர்களிடம் கொடுப்பதற்கு, என்ன கண்டுபிடித்தோம் என்று எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். வில்லங்கம் அந்த ஒரு பக்கத்தில்தான்.

2

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன். படிவம் நிரப்பிய பழக்கத்தில், நீக்கியவற்றையும் நீக்கிய காரணத்தையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

முதலாவது: "குருநகர்க் கரையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கனிசியஸ் கடலைப் பார்த்தபடி

[இதற்கு மேல் போகவில்லை. கடலைப் பார்த்தபடி நிற்கும் கடற்றொழிலாளி யாரையும் நான் கண்டதில்லை. நான் போன நேரமெல்லாம் அவர்கள் என்ஜினையோ போனையோதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.]

இரண்டாவது: "மனித மூளையின் எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள்

[இப்படித் தொடங்கும் கட்டுரைகளை நானே வாசிப்பதில்லை.]

மூன்றாவது, நீங்கள் ஏற்கெனவே வாசித்துவிட்டது.

3

ஆய்வு இதுதான். குருநகரிலும் அயலிலும் கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவர்கள் இருபத்துநான்கு பேர். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஒரே நாளில் பல தடவை அடிக்குப் போய், விறுவிறென்று மேலே வருகிறவர்கள். அப்படி வருவது உடம்புக்குக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அது மூளையையும் தேய்க்கிறதா என்பதுதான் கேள்வி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதே வயதில், கடலில் இறங்காத இருபத்துநான்கு பேர். இவர்கள் வெங்காயமும் மரக்கறியும் பயிரிடும் வலிகாமத்துத் தோட்டக்காரர்கள். எல்லோரையும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் படுக்கவைத்து மூளையின் அளவை எடுத்தார்கள். தோட்டக்காரர்களின் மூளையைவிடச் சுழியோடிகளின் மூளை சிறுத்திருந்தால், தொழில் தேய்க்கிறது என்று பொருள்.

சிறுத்திருக்கவில்லை. இரண்டு குழுவும் சமம் என்று வந்தது.

கனிசியஸ் அந்த இருபத்துநான்கு சுழியோடிகளில் ஒருவர். நாற்பத்துமூன்று வயது. பத்தொன்பது வருடம் சிலிண்டரோடு இறங்கியவர், ஒன்பது மாதமாக இறங்கவில்லை. மனைவி அற்புதராணி மறித்துவிட்டார். தலையிடி ஒரு பக்கம் இருக்க, கதைத்துக்கொண்டிருக்கும்போதே சொற்கள் வராமல் நின்றுவிடுகின்றன. பேப்பரைக் கையில் எடுத்தால் எழுத்துகள் வழுக்குகின்றன. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று கண் டொக்டர் சொல்லிவிட்டார். இப்போது கரையில் நின்று மற்றவர்கள் கொண்டுவரும் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போடுகிறார். பத்தொன்பது வருடம் பெயரெடுத்த ஒரு சுழியோடிக்கு அந்த வேலை எப்படி இருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படகுக்காரச் சம்மாட்டி திரும்ப வரச்சொல்லி இரண்டு தடவை ஆளனுப்பிவிட்டார்.

"ஸ்கான் றிசல்ட் வரட்டும், சேர். பழுதில்லையெண்டால் அடுத்த நாளே இறங்குவன்" என்றார் கனிசியஸ் என்னிடம்.

[குழுவின் சராசரி தனி ஒருவரின் தலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பார் சுபாங்கன். சரிதான். அதைக் கனிசியஸிடமும் சொல்லிப் பார்த்தேன். "ஓம் ஓம்" என்றுவிட்டு, "எங்கடை ஆக்களுக்குப் பழுதில்லை எண்டு வந்தால் எனக்கும் இல்லைத்தானே?" என்று கேட்டார்.]

ஆக, நான் எழுதப்போகும் ஒரு பக்கத்தை வைத்துத்தான் இந்த மனிதர் கடலுக்கு அடியில் போவதா இல்லையா என்று முடிவெடுக்கப் போகிறார். முப்பது வருடமாக எழுதுகிறேன், என் எழுத்துக்காக ஒருவர் இப்படிக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

4

படிவத்தில் முப்பத்தோராவது கேள்வி: "படமெடுப்பதற்கு முன் பங்கேற்றவர்களின் நிலை என்ன? உணவு, நீர், உறக்கம், நேரம் ஆகியவற்றை எழுதுக."

சுபாங்கன் எழுதி வைத்திருந்த ஆய்வுக் கட்டுரையில் இருந்த பதில்: "பங்கேற்றவர்கள் வழமையான நிலையில் இருந்தனர்."

வழமை என்றால் என்ன என்று சுபாங்கனைக் கேட்டேன். "அது எல்லாக் கட்டுரையிலும் அப்பிடித்தான் எழுதுறது" என்றார். இயந்திரத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை பதில் வைத்திருந்தவர் அவர். ஆய்வு முறைகளைச் சீராக எழுதவேண்டும் என்று கொழும்பு வரை போய்க் கூட்டங்களில் பேசுகிறவர். ஆனால் அந்தப் பதிலை மட்டும் எங்கிருந்தோ எடுத்து அப்படியே போட்டிருந்தார். நானும் மொழிபெயர்ப்புகளில் அப்படிச் செய்திருக்கிறேன், எனவே பெரிதாக ஏச முடியவில்லை.

ஆட்களைக் கூட்டிவந்து, விவரம் எழுதி, இயந்திரத்தடிக்கு அனுப்பியவர் ஜெயனி. ஆய்வு உதவியாளர், குருநகர்ப் பிள்ளை. அவரிடம் திகதிகளைக் கேட்டேன். சுழியோடிகள் எல்லோரும் வந்தது ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். தோட்டக்காரர்கள் வந்தது சென்ற ஐப்பசியில், தொடர்ந்து ஆறு நாட்கள்.

"ஏன் ஆறு நாளும் ஒரேயடியா?"

"ஏரம்பு அண்ணைதான் ஆக்களைச் சேர்த்துத் தந்தவர். அந்தக் கிழமை தோட்ட வேலை குறைவு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டவர்."

திகதிகளைத் திரும்பவும் பார்த்தேன். அந்த ஆறு நாளும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கவில்லை. மனைவி விரதம். நான் சந்திக் கடையில் ஒளித்துப் போய் மீன் குழம்போடு சோறு சாப்பிட்டேன். அது முருகனுக்கு ஆறு நாள் விரதம் பிடிக்கும் கந்தசட்டிக் கிழமை.

"ஜெயனி, அவை சாப்பிட்டிட்டே வந்தவை?"

"தெரியாது. ஃபோமிலை அந்தக் கேள்வி இல்லை." திகதிப் பட்டியலை மூடி வைத்தார். பிறகு, "வந்த எல்லாருக்கும் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் குடுத்தனான். பதினேழு பேர் வாங்கிக் கதிரைக்குக் கீழை வைச்சிட்டுப் போட்டினம். ஆறின தேத்தண்ணி முழுக்க நான்தான் கொண்டுபோய் ஊத்தினனான்" என்றார்.

"ஏனெண்டு கேக்கேல்லையோ?"

"எனக்குத் தெரியும் ஏனெண்டு." குரல் மாறிவிட்டது. "நான் குருநகர், அண்ணை. சாதி பாத்து எங்கடை கையாலை தேத்தண்ணி வாங்கிக் குடிக்காத ஆக்களை நான் இப்பதானோ முதல் காணுறன்? அதை வாய் திறந்து கேட்டு, இன்னொருக்கா அவமானப்பட வேணுமே?"

[முதல் வரைவில் இந்த இடத்தில் ஜெயனியை அழவைத்திருந்தேன். அவர் அழவில்லை. கோபப்பட்டார், அதுவும் என்மேல். நானும் வலிகாமத்து ஆள் என்பதால். எழுத்தாளர்கள் கோபப்படும் பெண்ணைக் கண்டால் உடனே கண்ணீரைத் தேடுகிறோம். எடுத்துவிட்டேன்.]

5

தெல்லிப்பழைக்குப் போனேன். ஏரம்பு வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணி மாறிக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கதைத்தார்.

"ஓம், கந்தசட்டி பிடிச்சனாங்கள்தான். பதினைஞ்சு பேர். மூண்டு மிளகு, ஒரு மிடறு தண்ணி. சிலபேர் அந்தத் தண்ணியும் இல்லை."

"அதை ஏன் அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லேல்லை?"

"விரதம் பிடிக்கிறதைச் சொல்லித் திரியிறதே, ஐயா? சொன்னால் பலனில்லை. உடம்புக்குள்ளை இரும்பு கிரும்பு இருக்கோ எண்டு கேட்டினம், இல்லையெண்டனாங்கள். மருந்து குடிக்கிறியளோ எண்டு கேட்டினம். விரதத்தை ஒருத்தரும் கேக்கேல்லை."

"தேத்தண்ணி தந்தவவாம்."

"அது நல்ல பிள்ளை. வேண்டாமெண்டால் மனம் நோகுமெண்டு வாங்கி வைச்சனாங்கள்."

"பதினேழு பேர் குடிக்கேல்லை எண்டவ. விரதம் பதினைஞ்சு பேர்தானே?"

ஏரம்பு ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்தார். தண்ணீர் உள்ளே போய் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"மற்ற ரெண்டு பேரும் எந்த நாளும் குடிக்கமாட்டினம்" என்றார். "அது வேறை."

இதை ஜெயனியிடம் போனில் சொன்னேன். பதினைந்தைச் சொன்னபோது, "விரதமோ?" என்று மட்டும் கேட்டார். இரண்டைச் சொன்னபோது, "அப்ப நான் முழுக்கப் பிழையில்லை" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு பேரையும் எழுதுவதற்குப் படிவத்தில் இடமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

6

கணக்கு சின்னதுதான். உடம்பில் தண்ணீர் குறைந்தால் மூளையும் கொஞ்சம் சுருங்கும். பிறகு தண்ணீர் குடித்தால் பழையபடி வந்துவிடும். கொஞ்சம்தான் என்றாலும் ஆய்வு தேடியதும் அந்தக் கொஞ்சத்தைத்தான். விரதத்தில் காய்ந்திருந்த தோட்டக்காரர்களின் மூளை அந்தக் கிழமை சுருங்கியிருக்கலாம். சுழியோடிகளின் மூளை நிரந்தரமாகவே சுருங்கியிருக்கலாம். இரண்டும் சுருங்கியிருந்தால் இரண்டும் சமமாகத்தான் தெரியும். சுழியோடிகளுக்கு ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். கையில் இருக்கும் படங்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

சுபாங்கன் என் முன்னால் இருந்து முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"திரும்ப எடுக்கேலாதோ?" என்று கேட்டேன்.

"எங்களுக்குத் தந்த மெஷின் நேரம் முடிஞ்சுது. இனிக் கேட்டாலும் கிடைக்காது." பிறகு, "நான் மேடையிலை கதைக்கிறதே உதைப்பற்றித்தான், அண்ணை" என்றார்.

[இங்கே சுபாங்கனை வில்லனாக்கும் யோசனை இருந்தது. கட்டுரையை அப்படியே அனுப்பிவிடும்படி அவர் என்னை மிரட்டுவதாக அரைப் பக்கம் எழுதினேன். கதை சூடு பிடித்தது. ஆனால் அவர் மிரட்டவில்லை. "வழமையான நிலையில்" என்பதை வெட்டிவிட்டு, விரதம், திகதி, பதினைந்து, ஞாயிறு, பூசை, சாப்பாடு என்று ஏழு வரி எழுதினார். இரண்டு வருட உழைப்பின் முடிவை அந்த ஏழு வரியில் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டார். எழுதி முடித்ததும் வெளியே போய் நெடுநேரம் நின்றார்.]

படிவத்தின் அறுபத்தாறு கேள்விகளுக்கும் பதில் நிரம்பிவிட்டது. மிச்சம் என்னுடைய ஒரு பக்கம்.

7

அந்தப் பக்கத்தின் முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: "சுழியோடிகளின் மூளையில் வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை." விரதத்தைப் பற்றித் தெரியவருவதற்கு முன் எழுதியது. தெரிந்த பின்னும் அதில் பொய்யில்லை. காணப்படவில்லைதானே.

வாசகம் விளங்குகிறதா என்று பார்க்கக் குருநகருக்குப் போய்வந்த ஒரு நாளில், அற்புதராணி என்னை ஒழுங்கையில் மறித்தார். ஜெயனி மூலம் எல்லாம் தெரிந்திருந்தது. மீன் சந்தையிலிருந்து வந்த கோலம், கையில் பை.

"சேர், ஒரு உதவி. பழுதெண்டு எழுதிவிடுங்கோ."

"என்னத்தை?"

"மூளை பழுதெண்டு. இனி இறங்கக்கூடாதெண்டு. அச்சடிச்ச பேப்பரிலை கிடந்தால் அவர் நம்புவார். நான் சொன்னால் பொம்பிளையின்ரை பயம் எண்டுறார்."

"அப்பிடி எழுதேலாது, அம்மா. பழுதெண்டும் தெரியாது, இல்லையெண்டும் தெரியாது. தெரியாதெண்டுதான் எழுதலாம்."

"தெரியாதெண்டு எழுதினால் அவர் என்ன செய்வார் தெரியுமே? அடுத்த நாள் விடிய இறங்குவார். என்ரை தமையனும் உப்பிடித்தான் தலை சுத்துது தலை சுத்துது எண்டு திரிஞ்சு, கடலுக்கையே முடிஞ்சவன். அவனுக்கும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை." பையை மற்றக் கைக்கு மாற்றினார். "நீங்கள் கதை எழுதுற ஆள்தானே. நடக்காததை எழுதுறதில்லையோ?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. கதை வேறு, அறிக்கை வேறு, கதையில் பொய் சொல்லலாம், அறிக்கையில் கூடாது, அதற்கென்று ஒரு

[இந்த வசனத்தை முடிக்கவில்லை. அற்புதராணியின் முகத்தைப் பார்த்தபடி அதை முடிக்க என்னால் முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.]

8

உண்மையைத்தான் எழுதினேன். ஒரு பக்கம், பெரிய எழுத்தில். விரதத்தைக் கேட்காமல் விட்டது எங்கள் பிழை என்றும் எழுதினேன். "அப்ப என்ரை பேரையும் போடுங்கோ, நான்தான் கேக்கேல்லை" என்றார் ஜெயனி. போடவில்லை. அப்படிப் போடுவதானால் அந்த இரண்டு பேரின் பெயரையும் போடவேண்டும்.

இனி, முடிவுகள். இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: கனிசியஸ் இறங்குகிறார். நாலாவது நாள் அவரைப் படகில் கிடத்திக் கொண்டுவருகிறார்கள். [நன்றாக எழுதியிருந்தேன், அதுதான் பிரச்சினை. அற்புதராணி சொன்னது சரி என்று காட்டுவதற்காக அவருடைய புருஷனை நான் சாகடிக்க வேண்டியதாயிற்று. நீக்கினேன்.]

முடிவு இரண்டு: கனிசியஸ் இறங்குவதில்லை. ஐஸ் போடும் வேலையோடு ஒத்துப்போகிறார். [ஒன்பது மாதமாக அவர் முகத்தைப் பார்த்தவர் யாரும் இதை நம்பமாட்டார்கள். நீக்கினேன்.]

இரண்டுக்கும் என்னிடம் ஆதாரமில்லை. என்னிடம் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

9

பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பிய பிறகு போனேன். மற்ற இருபத்துமூன்று பேருக்கும் ஜெயனி கொடுத்துவிட்டார். இதை மட்டும் என்னைக் கொண்டுபோகச் சொன்னார். கனிசியஸ் உடுப்பு மாற்றாமல், வெள்ளைச் சேர்ட்டோடு வாசலிலேயே காத்திருந்தார். உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார். எதிரில் தானும் இருந்தார். அற்புதராணி குசினி வாசலில் நின்றார்.

பேப்பரைக் கொடுத்தேன். வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது சொல்லுக்கு மேல் போகவில்லை. சிரித்தார்.

"வழுக்குது, சேர். ராணி, இதை ஒருக்கா வாசி பாப்பம்."

முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன் என்று எழுத்தாளர்கள் சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் அது சோம்பல். இந்த வீட்டில் அது உண்மையாகவே நடக்கப்போகிறது என்று எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. பேப்பரில் நான் என்ன எழுதியிருந்தாலும் கனிசியஸுக்கு அது அற்புதராணியின் வாய்க்குள்ளால்தான் வரும். எழுந்து, "குடுங்கோ, நான் வாசிக்கிறன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அற்புதராணிக்கு ஒரு வழி விட்டேனா, எனக்கே துணிவில்லையா என்று தெரியாது.

அற்புதராணி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பேப்பரை வாங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று, சொல் சொல்லாக வாசித்தார்.

"'எங்கள் ஆய்வுக்கு வந்து உதவியமைக்கு நன்றி. சுழியோடிகளின் மூளையின் அளவையும் தோட்டக்காரர்களின் மூளையின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தோம்.'"

"ஓம்" என்றார் கனிசியஸ்.

"'இரண்டும் சமமாக இருந்தன.'"

கனிசியஸ் என்னைப் பார்த்தார். கண் பளபளத்தது.

"'ஆனால் படமெடுத்த நாட்களில் தோட்டக்காரர்களில் பதினைந்து பேர் விரதம் இருந்திருக்கிறார்கள். அதை நாங்கள் கேட்டறியாதது எங்கள் பிழை. ஆகவே'"

அங்கே நிறுத்தினார். தெரியாது என்று சொல்லும் அடுத்த வரியை நான் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். அற்புதராணியின் கண் அந்த வரியில் ஓடி முடிந்ததைக் கண்டேன். பிறகு என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, அனுமதியும் கேட்கவில்லை. நான் வாய் திறக்கிறேனா என்று மட்டும் பார்த்தார்.

"ஆகவே எண்டு நிப்பாட்டினால்? வாசியன், ராணி" என்றார் கனிசியஸ்.

நான் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்கு வந்துவிட்டேன். நின்று கேட்டிருந்தால் அதை இங்கே எழுதவேண்டி வந்திருக்கும். கதிரை அப்படியேதான் கிடக்கிறது. நீங்கள் வேண்டுமானால் இருந்து கேளுங்கள்.